பதினொரு விநாடி இருட்டு

1. ஆறு வார இறுதிகளில் மேடை விளக்குகளுக்கு எண்பத்தாறு க்யூக்களைப் பதிவு செய்தேன்.

2. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கன்சோலில் நான் உட்காரப் போவதில்லை என்று சொன்னார்கள்.

3. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து பொன்னாடைத் தட்டைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன்.

4. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர், டத்தோ பட்டம் பெற்றவர், ஐந்தேகாலுக்கு வந்தார்.

5. நாற்பத்தெட்டாம் க்யூவில் அண்ணன் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினார்.

6. அதன் பிறகு மேடை இருட்டவே இல்லை, பதினொரு விநாடி தவிர.

7. அந்தப் பதினொரு விநாடியால் எனக்கு வேலை போயிற்று. கையில் இருந்த வேலை இல்லை, வரவிருந்த வேலை.

வரிசையாக எழுதினால் இவ்வளவுதான். தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் நின்றுபோனால் இப்படித்தான் அறிக்கை எழுதுவோம். அதற்கு மேல் எழுதினால் மேலதிகாரி படிக்கமாட்டார். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை.

நான் மலாக்காவுக்குப் பக்கத்தில் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மின்பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். டிப்ளோமா முடித்த வருடமே சேர்ந்தேன். சனி, ஞாயிறுகளில் தெங்கேராவில் விளக்கு, ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் வேலை. கடைக்காரரை எல்லாரும் அண்ணன் என்பார்கள். நானும் அப்படியே. கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, பள்ளிப் பரிசளிப்பு எல்லாவற்றுக்கும் அண்ணன் லாரிதான் போகும். கம்பியில் ஏறி விளக்கு மாட்டுவது, கேபிள் இழுப்பது, எல்லா விளக்குகளையும் ஓரிடத்திலிருந்து இயக்கும் கன்சோலில் உட்காருவது மூன்றையும் அங்கேதான் கற்றேன். கன்சோலை மட்டும் அண்ணனிடம் கற்கவில்லை. அவருக்கே அது தெரியாது. அவர் விளக்கு ஒவ்வொன்றையும் கையால் ஏற்றி இறக்கும் காலத்து ஆள். புது கன்சோல் வந்தபோது, "இந்தச் சனியன நீயே பாத்துக்க தங்கச்சி" என்று கையேட்டை என்னிடம் தந்துவிட்டார்.

மலாக்காவில் நம்மவர்கள் நடத்தும் மண்டபம் ஒன்று இருக்கிறது. அதற்கு நிரந்தரமாக விளக்குப் பொறுப்பாளர் ஒருவரை வைத்துக்கொள்ள மண்டபக் கமிட்டி முடிவு செய்திருந்தது. நடனப்பள்ளி ஒன்றின் ஆண்டு நிகழ்ச்சி அங்கே நடக்கவிருந்தது. கமிட்டித் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "இந்தப் புரோகிராம நல்லா பண்ணிக் காட்டுமா. வேல உனக்குத்தான்" என்றார். அண்ணனும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். எனக்குத் தொழிற்சாலையை விட்டு வெளியே வர வேண்டும். ஏன் என்று விளக்கத் தேவையில்லை. ஷிஃப்ட் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும்.

க்யூ பதிவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்தது புரிய வேண்டுமே. மேடையில் எந்த விளக்கு எவ்வளவு எரிய வேண்டும் என்று வைத்துக்கொண்டு, ரெக்கார்ட் அழுத்தி, ஒரு எண் கொடுக்க வேண்டும். அது ஒரு க்யூ. அடுத்த நிலைக்கு அடுத்த எண். நிகழ்ச்சி அன்று ஒரே ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே போனால் விளக்குகள் வரிசைப்படி மாறும். ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக்கூடாது. கன்சோல் மாற்றங்களைத்தான் நினைவில் வைக்கும். முன்பக்க வெள்ளை விளக்கை ஐந்தாம் க்யூவில் ஏற்றிவிட்டு அதன்பின் அதைத் தொடாமல் விட்டால், ஆறு, ஏழு, எட்டு என்று எல்லாவற்றிலும் அது எரிந்துகொண்டே இருக்கும். இறங்கு என்று யாராவது சொல்லும்வரை இறங்காது.

மொத்தம் ஐந்து நடனங்கள். முதல் மூன்றும் வழக்கமானவை. முன்பக்க வெள்ளை தாராளமாக வேண்டும். நான்காவது, விடிவதற்கு முன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் ஒரு தோட்டத்துப் பெண்ணைப் பற்றியது. ஆடும் பெண் நெற்றியில் சின்ன பேட்டரி விளக்கு ஒன்றைக் கட்டியிருப்பாள். அது மட்டும்தான் வெளிச்சம். மற்றதெல்லாம் இருட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடிய வேண்டும். எனவே நாற்பத்தெட்டாம் க்யூவில், மூன்றாம் நடனம் முடிந்த இடத்தில், முன்பக்க வெள்ளையை அடியோடு இறக்கினேன். அதன்பின் கடைசிவரை அதைத் தொடவே இல்லை.

ஒத்திகைக்குப் பிள்ளைகள் வராத நாட்களில் மேடையில் ஆளுக்குப் பதிலாக மாப் கட்டையை நிறுத்தி, அதன் தலையில் வெள்ளைத் துண்டைப் போட்டுவைப்பேன். மேலே கன்சோல் அறை. இரும்புப் படி ஏறி விளக்கை வைத்து, இறங்கி வந்து பார்த்து, மறுபடி ஏறி மாற்ற வேண்டும். ஒரு ஞாயிறு அம்மா சோறு கொண்டுவந்தார். மாப் கட்டையை எடுத்துவிட்டு அம்மாவை நிறுத்தினேன். கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி.

"இது என்னா நேரம்?" என்று அம்மா மேலே பார்த்துக் கேட்டார்.

"விடியக்காலம் அஞ்சு மணிம்மா."

"இதுவா? இது ராத்திரி. சினிமா ராத்திரி. அஞ்சு மணிக்கு இவ்ளோ நீலம் இருக்காது. கைய நீட்டினா கை தெரியும், மரத்துல பழைய வெட்டு தெரியாது. அப்படி வையி."

நீலத்தைப் பாதிக்குக் குறைத்தேன். பக்கவாட்டிலிருந்து சாம்பல் பச்சையாக ஒன்றைச் சொட்டு அளவு சேர்த்தேன். அம்மா கையை நீட்டி நீட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருபது நிமிடம் போனது. கடைசியில் கன்னத்தில் ஒரு தட்டு தட்டிக்கொண்டார்.

"இப்ப சரி. கொசு கடிக்கிற மாதிரியே இருக்கு."

அதை ஐம்பத்திரண்டாம் க்யூவாகப் பதிந்தேன்.

அண்ணன் ஒத்திகைகளுக்கு வந்தால் தொல்லை. சும்மா இருக்கமாட்டார். நான் கீழே இருக்கும்போது ஏதாவது ஒரு விளக்கை ஏற்றுவார், அது நன்றாகவும் இருக்கும், ஆனால் பதியாமல் அடுத்ததற்குப் போய்விடுவார். செய்தது காணாமல் போகும். எனவே ஏழு விதிகளைத் தமிழில் தட்டச்சு செய்து கன்சோலின் வலப்பக்கம் ஒட்டினேன். நான்காவது விதி: விளக்கில் எதை மாற்றினாலும் ரெக்கார்ட் அழுத்திவிட்டு நகரவும்.

அது ஒத்திகைக்கான விதி. நிகழ்ச்சி அன்று அதற்கு நேர்மாறு, ரெக்கார்டைத் தொடவே கூடாது. அதை நான் எழுதவில்லை. நிகழ்ச்சி அன்று நான்தானே உட்காரப் போகிறேன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை தலைவர் மண்டப ஆபீசுக்கு வரச் சொன்னார். அண்ணன் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்து பால் சேர்க்காத தே ஓ தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தலைவரின் மனைவி ஆன்ட்டியும் இருந்தார். பிள்ளைகளுக்குத் தரும் சான்றிதழ்களைச் சுருட்டி ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதமா," என்றார் தலைவர். "டத்தோ வர்றாரு. மேல அனுபவப்பட்ட ஆளு ஒருத்தர் இருந்தா எங்களுக்கும் தைரியம். நீதான் எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணிட்டியே. இனிமே பட்டன் அழுத்துற வேலதானே?"

"எப்ப அழுத்தணும்னு தெரியணும் சார்."

"எழுதிக் குடுத்துடு லா தங்கச்சி," என்றார் அண்ணன், குவளையைப் பார்த்துக்கொண்டு. "நீ எழுதினா புத்தகம் மாதிரி இருக்கும்."

"வேல விஷயம் என்னாச்சு சார்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லமா. ரெக்கார்டிங் உன்னோடது. எல்லாருக்கும் தெரியும்."

ஆன்ட்டி ரிப்பனைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே, "நல்ல உயரமா இருக்க. பட்டுச் சேல இருக்கா? பொன்னாட தட்டு புடிக்க ஆளு இல்லாம தவிச்சிட்டிருக்கேன்" என்றார்.

சரி என்றேன். கோபப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம் உடனே வராது. வீடு போய், குளித்து, சாப்பிட்ட பிறகுதான் வரும்.

சனிக்கிழமை கன்சோலை ஒப்படைத்தேன். பாட்டு வரியோடு எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதித் தந்தேன். நம்மவர் நிகழ்ச்சியில் சிறப்பு விருந்தினர் எப்போது வருவார் என்று விருந்தினருக்கே தெரியாது. வந்தால் எந்த இடமாக இருந்தாலும் நிறுத்தி, பொன்னாடை போர்த்தி, மாலை போட்டாக வேண்டும். அதற்காகவே கடைசி ஃபேடரில் தனியாக ஒரு வெள்ளை வெளிச்சத்தை வைத்து, "பொன்னாடை" என்று ஒட்டியிருந்தேன். தள்ளினால் வரும், இழுத்தால் போகும். க்யூ எதையும் தொடாது. அண்ணனிடம் மூன்று முறை காட்டினேன். "தெரியுது லா, போ," என்றார்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலையில் மின்பலகையைத் திறந்தால் என் பூட்டை மாட்டி, என் பெயர் போட்ட அட்டையைத் தொங்கவிடுவேன். நான் வந்து எடுக்கும்வரை முதலாளியே வந்தாலும் அதைத் தொட முடியாது. கன்சோலிலும் பதிவைப் பூட்டிவைக்க வழி உண்டு. அரை நிமிட வேலை. சனிக்கிழமை நான் அதைச் செய்யவில்லை. நான்காவது விதியும் கண்ணில் பட்டது. கிழித்துவிட வேண்டும் என்று தோன்றியது. கிழிக்கவில்லை. அண்ணன் இதுவரை நான் எழுதிய எதையாவது படித்திருக்கிறாரா என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. டத்தோ வராமலே குத்துவிளக்கு ஏற்றி, நான்கரைக்குத் தொடங்கினார்கள். நான் வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். உள்ளே பாட்டு மாறுவதை வைத்து எந்த க்யூ போகிறது என்று எண்ணிக்கொண்டேன். அண்ணன் சரியாகவே அழுத்தினார். மூன்றாம் நடனம் முடியும் நேரம் கார் வந்தது.

நாற்பத்தெட்டு. வெள்ளை இறங்கியிருந்தது. மேடையில் மெல்லிய நீலம் மட்டும். அறிவிப்பாளர் ஓடிவந்து டத்தோவை அழைத்தார். நான் தட்டோடு பின்னால் ஏறினேன். நீலத்தில் டத்தோவின் முகம் தெரியவில்லை. படம் எடுப்பவர் மேலே பார்த்து, "லைட்டு! அண்ணே லைட்டு!" என்று கத்தினார். ஒரு கணம் கழித்து முன்பக்க வெள்ளை முழுதாக வந்தது. கண் கூசியது. என் பொன்னாடை ஃபேடரில் அறுபதுதான் வைத்திருந்தேன். இது நூறு. அண்ணன் ஃபேடரை விட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் விளக்கையே நேராக ஏற்றியிருக்கிறார் என்று அங்கேயே புரிந்தது. பிறகு பார்த்தபோது அந்த ஃபேடரின் மேல் நிகழ்ச்சி நிரல் புத்தகம் கிடந்தது.

டத்தோவுக்குப் பொன்னாடை. அவர் மனைவிக்கு மாலை. தலைவருக்கு டத்தோ ஒரு பொன்னாடை. நடனப்பள்ளி டீச்சருக்கு ஒன்று. என் தட்டு காலியானதும் இறங்கினேன். திரை ஓரத்தில் நெற்றி விளக்கோடு அந்தப் பெண் தயாராக நின்றாள். பாட்டு தொடங்கியது. அண்ணன் நாற்பத்தொன்பதை அழுத்தினார். நீலம் சரியாக மாறியது, பக்கவாட்டுப் பச்சை வந்தது. வெள்ளை இறங்கவில்லை.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரும்புப் படி ஏறினேன்.

"அண்ணே, முன் வெள்ள நிக்குது. ரெக்கார்ட் அழுத்துனீங்களா?"

"ஆமா. ஏத்தினது போயிடக் கூடாதுன்னு அழுத்தினேன்." விரலை என் தாளில் வைத்தார். "நாலாம் நம்பர். நீதானே எழுதி வச்சிருக்க?"

வாழ்க்கையில் முதல்முறையாக நான் எழுதியதைப் படித்திருக்கிறார்.

நாற்பத்தெட்டில் நான் பதிந்திருந்த இறக்கம் அழிந்துவிட்டது, இனி கடைசிவரை வெள்ளைதான். கீழே அந்தப் பெண் வெட்டவெளிச்சத்தில் தடவித் தடவி நடந்துகொண்டிருந்தாள். நெற்றி விளக்கு எரிகிறதா என்றே தெரியவில்லை. பிள்ளைக்கு என்ன ஆயிற்று, ஏன் இப்படித் தடுமாறுகிறாள் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். பாட்டு ஐம்பத்திரண்டுக்கான வரிக்கு வந்தது. அண்ணன் அழுத்தினார். நான் அவர் தோளுக்கு மேலே கையை நீட்டி, முன்பக்க வெள்ளையைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன்.

விடியற்காலை ஐந்து மணி வந்தது. கை தெரிந்தது, வெட்டு தெரியவில்லை. நெற்றி விளக்கு ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நகர்ந்தது.

வாக்கி டாக்கி அலறியது. தலைவர் குரல். "என்னா ஆச்சு? கரண்ட் போச்சா? டத்தோ உட்காந்திருக்காரு, ஏத்து, ஏத்து!"

"அண்ணே, இதான் டான்ஸ். விட்டுடுங்க. ரெண்டு நிமிஷத்துல அதுவே விடிஞ்சிடும்."

"ரெண்டு நிமிஷமா? பைத்தியமா உனக்கு?" என்று என் கையைத் தள்ளிவிட்டு வெள்ளையை நூறுக்கு ஏற்றினார். அதையும் ரெக்கார்ட் செய்தார்.

டீச்சரின் தம்பி எடுத்த வீடியோவில் பிறகு எண்ணிப் பார்த்தேன். பதினொரு விநாடி. அதற்குள் கூட்டத்தில் இரண்டு இருமல், ஒரு கைக்குழந்தையின் சத்தம், "லைட் போச்சு போல" என்று ஒரு குரல்.

நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாருக்கும் சந்தோஷம். பெற்றோர்கள் கைத்தொலைபேசியை நீட்டி நீட்டிக் காட்டினார்கள். "அண்ணே, லைட்டு சூப்பர் லா! போன வருசம் பிள்ள மூஞ்சியே தெரியல. இந்தத் தடவ மூக்குத்தி வரைக்கும் தெரியுது." அண்ணனுக்கும் ஒரு பொன்னாடை எடுத்து வைத்திருந்தார்கள். தட்டை நீட்டியது நான்தான். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து போர்த்திக்கொண்டார்.

டீச்சர் திரை ஓரத்தில் சலங்கைகளை எண்ணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். "டீச்சர், நாலாவது..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா," என்றார். "பேரன்ட்ஸ் எல்லாம் சந்தோஷமா இருக்காங்க. அடுத்த வருசமும் இதே மண்டபம் வேணும். விட்டுடு."

நிகழ்ச்சி பார்க்க வந்திருந்த அம்மா கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தார். வண்டியில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்ட பிறகுதான் பேசினார்.

"நடுவுல கொஞ்ச நேரம் சரியா வந்துச்சு. நான் கைய நீட்டிப் பாத்தேன். அதுக்குள்ள ஏன் ஏத்திட்டாங்க?"

சாலையில் வாகனம் அதிகமாக இருந்தது. அதைப் பார்த்து ஓட்டினேன்.

கமிட்டி கூடி இரண்டு நாள் கழித்துத் தலைவர் போன் செய்தார். நிகழ்ச்சி மிகவும் நன்றாக இருந்ததாம். குறை என்று ஒன்றுதான் எழுந்ததாம்.

"நடுவுல ஒரு தடவ லைட் போச்சுல்லமா. டத்தோ மனைவியே கேட்டுட்டாங்க. அண்ணன்கிட்ட விசாரிச்சோம். நீ மேல வந்து கை வச்சேன்னு சொன்னாரு. உண்மையா?"

"உண்மைதான் சார். அந்த நேரம்தான் சரியா இருந்துச்சு."

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பிள்ளைகள் ஏதாவது சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "இதப் போயி கமிட்டியில சொல்ல முடியுமாமா? எல்லாரும் பாத்தாங்களே. பதட்டப்படாத ஆளா வேணும்னு அபிப்பிராயப்படுறாங்க. நீ சின்னப் பொண்ணு. இன்னும் சான்ஸ் வரும்."

அண்ணன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. கை வைத்தது நான். விதி எழுதியது நான். பூட்டாமல் விட்டது நான். அவர் செய்ததெல்லாம் தாளில் எழுதியபடி ஒரு பட்டனை அழுத்தியதுதான். அறிக்கை எழுதினால் காரணம் என்ற கட்டத்தில் என் பெயரைத்தான் போட வேண்டும். யாரை எங்கே உட்காரவைத்தார்கள் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போகவில்லை. அண்ணன் குறுஞ்செய்தி அனுப்பினார்: "ஏன் வரல தங்கச்சி? கோவமா?" பதில் போடவில்லை. மறுவாரம் இன்னொன்று வந்தது: "அந்த ஏழு ரூல்ஸ் தாள் கிழிஞ்சிடுச்சு. இன்னொண்ணு அடிச்சு அனுப்ப முடியுமா?" இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினேன். நான்காவது விதியை எடுத்துவிட்டு ஆறு விதிகளாக.

இப்போதைய நிலை இது. மண்டபத்து விளக்குப் பொறுப்பு அண்ணன் கடையிடம் இருக்கிறது. கன்சோலில் அன்றைய ஃபைல்தான் இன்னும் இருக்கிறது. கல்யாண வரவேற்பு, பரிசளிப்பு, கூட்டம் எதுவானாலும் வெள்ளை முழுதாக எரியும் அந்த நாற்பத்தெட்டாம் க்யூவை வைத்துவிட்டு அண்ணன் சாப்பிடப் போய்விடுகிறார் என்று கேள்விப்பட்டேன். வெள்ளை இறங்கும் சரியான ஃபைல் ஒரு பென் டிரைவில் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை. நான் செங்கில் அதே தொழிற்சாலையில் இருக்கிறேன். இந்த மாதம் காலை ஷிஃப்ட்.